ஜெர்மனியில் படிக்கப் போகிறீர்களா? விசா, ரெசிடென்ஸ் பெர்மிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி போனவள். படித்து முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். ஒவ்வொரு வருடமும் மே மாதம் பிறந்தால் தெரிந்தவர்களின் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள், சில சமயம் அப்பாக்களே கூட போன் செய்வார்கள். கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், பதற்றமும் ஒன்றுதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நிறைய பேருக்கு உதவும் என்று தோன்றியது. இதில் கஷ்டமான வேலை என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு தாள் கையில் இருந்தால்தான் அடுத்த தாள் கிடைக்கும். வரிசை தவறினால் வாரக்கணக்கில் போய்விடும். பெரும்பாலும் மார்க்கோ பணமோ காரணமில்லை, இந்த வரிசை தவறித்தான் பிள்ளைகள் ஒரு செமஸ்டரை இழக்கிறார்கள்.

அட்மிஷன் லெட்டர் வந்த பிறகு விசா வேலையை ஆரம்பித்தால் போதாதா?

போதாது. குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 அன்று தொடங்கும். பல பல்கலைக்கழகங்களில் அதற்கான விண்ணப்பக் கடைசி நாள் ஜூலை 15. அப்படியானால் அட்மிஷன் லெட்டர் ஆகஸ்டில்தான் கைக்கு வரும். விசா கிடைக்க ஆறு வாரமோ, மூன்று மாதமோ ஆகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இடைவெளியே இல்லை. அதனால் அட்மிஷனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளை முன்னாலேயே முடித்துவிட வேண்டும்: பாஸ்போர்ட், ஏபிஎஸ் சான்றிதழ், மொழித் தேர்வு, பணத்துக்கான ஏற்பாடு. லெட்டர் வரும் நாளில் மற்ற எல்லாமே ஃபைலில் தயாராக இருக்க வேண்டும்.

ஏபிஎஸ் என்பது என்ன? எல்லோருக்கும் வேண்டுமா?

இந்தியாவில் வாங்கிய மார்க் ஷீட்டும் டிகிரியும் உண்மையானவைதானா, அவை ஜெர்மனியில் படிக்கத் தகுதி தருமா என்று சரிபார்க்கும் அமைப்பு ஏபிஎஸ். அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல், இந்தியாவில் படித்துவிட்டு மாணவர் விசா கேட்பவர்களுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பிஎச்டி செய்யப் போகிறவர்களுக்கும், ஜெர்மன் அரசுப் பணத்தில் உதவித்தொகை பெறும் சிலருக்கும் விலக்கு உண்டு. இலங்கையில் படித்தவர்களுக்கு இது கிடையாது.

ஒருமுறை வாங்கிவிட்டால் இந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. அதனால் கடைசி செமஸ்டர் படிக்கும்போதே விண்ணப்பிக்க முடியுமா என்று பார்த்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அட்மிஷன் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்கின்றன.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், மார்க் ஷீட்டில் இனிஷியல். பிரச்சினை வருமா?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய கேள்வி இது. ஏஜென்சிகள் இதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் செல்வராஜ் என்று ஏறியிருக்கும், இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வின் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு வடிவம். ஜெர்மன் அலுவலரின் கண்ணுக்கு இவை மூன்று வேறு ஆட்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல், மற்ற எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஏபிஎஸ், பல்கலைக்கழக விண்ணப்பம், பணக்கணக்கு, இன்சூரன்ஸ், விமான டிக்கெட் எல்லாவற்றிலும். மார்க் ஷீட்டை மாற்ற முடியாது. அதற்கு, 'எஸ்' என்பது செல்வராஜ் என்பதன் சுருக்கம், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள், காலம் இருந்தால், பாஸ்போர்ட்டையே திருத்திக்கொள்வது நல்லது. ஜெர்மனியில் எல்லாப் படிவங்களிலும் இரண்டு கட்டம் இருக்கும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் பல இணையப் படிவங்கள் அடுத்த பக்கத்துக்கே போகாது.

அப்புறம், அங்கே உங்களை அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள். காத்திருக்கும் அறையில் 'ஹெர் செல்வராஜ்' என்று குரல் வந்தால் எழுந்து போக வேண்டியது நீங்கள்தான். முதல் தடவை எனக்கு அது உறைக்கவே இல்லை. ஊரில் இருக்கும் அப்பாவை யாரோ அழைப்பது போல இருந்தது.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? கல்விக்கடன் ஒப்புதல் கடிதம் போதுமா?

2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. அதற்கு முன் 11,208 ஆக இருந்தது. இந்தத் தொகை அவ்வப்போது உயரும் என்பதால், அனுப்புவதற்கு முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தப் பணத்தை 'பிளாக்டு அக்கவுன்ட்' எனும் கணக்கில் போட வேண்டும். ஜெர்மன் மொழியில் ஷ்பெர்கொன்டோ என்பார்கள். மொத்தமாக எடுக்க முடியாது, மாதம் 992 யூரோ மட்டும் உங்கள் சாதாரணக் கணக்குக்கு வரும். வங்கி தரும் கடன் ஒப்புதல் கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கடன் பணம் இந்தக் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். கல்விக்கடன் விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுக்கச் சொல்வது அதனால்தான். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் வாங்கிய கல்விக்கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரி) பிடித்தம் இல்லை. வங்கி மேலாளர் பிடித்தே ஆக வேண்டும் என்றால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது சரியாக 11,904 மட்டும் அனுப்பினால் வழியில் இருக்கும் வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொண்டு பதினைந்து இருபது யூரோ குறைவாகப் போய்ச் சேரும். பத்து யூரோ குறைந்தாலும், முழுத் தொகையும் கணக்கில் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டிய உறுதிக் கடிதம் வராது. கணக்குக் கட்டணமும் சேர்த்து, ஐம்பது அறுபது யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள்.

பிளாக்டு அக்கவுன்ட்டில் பணம் இருக்கிறதே, கையில் எடுத்துப் போக வேண்டுமா?

கண்டிப்பாக. முதல் 992 யூரோ கைக்கு வருவதற்கு முன் அங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். அதற்கு முகவரிப் பதிவு கேட்கலாம், முகவரிப் பதிவுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு முன்பணம் வேண்டும். அங்கே முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. வாடகை, முன்பணம், செமஸ்டர் கட்டணம், பாத்திரம், போர்வை என்று முதல் மாதத்தில் 992 யூரோவைத் தாண்டிச் செலவாகும். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை ஃபாரக்ஸ் கார்டில் வைத்திருங்கள். ஊரில் நகை வைத்துப் பணம் புரட்டும் குடும்பங்கள் இந்தக் கூடுதல் தொகையை முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் தெரியவந்து தவித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது? கட்டணம் எவ்வளவு?

விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணையத் தளத்தில் நிரப்பலாம். 2025 ஜனவரியிலிருந்து இது உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. தாள்களை அங்கே ஏற்றினால் முதலில் சரிபார்த்து, குறை இருந்தால் சொல்வார்கள். அதன் பிறகு கைரேகை கொடுக்கவும் மூலச் சான்றிதழ்களைக் காட்டவும் நேரில் போக வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில், தூதரகத்துக்காக விண்ணப்பங்களைப் பெறும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்டலாம்.

நீங்கள் வாங்க வேண்டியது 'டி' வகை தேசிய விசா. அண்ணன் கல்யாணத்துக்குப் பாரிஸ் போக வாங்கிய ஷெங்கன் சுற்றுலா விசாவில் நுழைந்து, அங்கே போய் மாணவராக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தியக் குடிமக்களுக்கு அது நடக்காது.

மோட்டிவேஷன் லெட்டரை ஏஜென்சியே எழுதித் தருகிறார்களே?

வேண்டாம். ஒரே ஏஜென்சி நூறு பேருக்கு எழுதிய கடிதங்கள் ஒரே அதிகாரியின் மேசைக்குப் போகின்றன. 'உலகத் தரம் வாய்ந்த கல்வி' என்று தொடங்கும் கடிதத்தை அவர் அன்று காலையிலேயே இருபது தடவை படித்திருப்பார். நீங்கள் பி.இ.யில் என்ன புராஜெக்ட் செய்தீர்கள், இந்தப் படிப்பில் எந்தப் பாடம் அதன் தொடர்ச்சி, முடித்துவிட்டு என்ன செய்ய எண்ணம் என்று உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இடையில் இரண்டு வருடம் சும்மா இருந்திருந்தால், அரியர் இருந்திருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்த இடைவெளிதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

தனியார் பல்கலைக்கழகம், பாதி ஆன்லைன் படிப்பு. விசா கிடைக்குமா?

மாணவர் ரெசிடென்ஸ் பெர்மிட் என்பது நேரில் வகுப்புக்குப் போய்ப் படிக்கும் முழுநேரப் படிப்புக்கானது. அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் படிப்பதற்கு ஜெர்மனியில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அதிகாரி சொன்னால், அதற்குப் பதில் கிடையாது. விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பெர்மிட் நீட்டிக்கும் நேரத்தில் இது வெடித்தால் இன்னும் மோசம். லட்சக்கணக்கில் கட்டிய கட்டணமும் போய்விடும். சேரும் முன் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் படிப்பு நேரடி வகுப்புப் படிப்பா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்சி வாயால் சொன்னதை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது.

விசா மறுத்துவிட்டால்?

முன்பு ஒரு மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டு வழிகள்தான். குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் வழியே சரி. மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணத்தை வரிக்கு வரி படித்து, அதற்குப் பதில் தரும் தாளைச் சேர்த்து விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் உடனே எழுதிவிடுங்கள், சில இடங்களில் அடுத்த செமஸ்டருக்கு இடத்தைத் தள்ளிவைத்துத் தருவார்கள்.

போய் இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அன்மெல்டுங். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஓர் உறுதித் தாள் வேண்டும். அதைத் தருவது அவருடைய சட்டக் கடமை. 'அன்மெல்டுங் கிடையாது' என்று போட்டு வாடகைக்கு விடும் அறைகள் மலிவாகத் தெரியும். ஆனால் அந்த அறையை நம்பிப் போனால் வங்கி, வரி எண், ரெசிடென்ஸ் பெர்மிட் எல்லாம் நின்றுவிடும். இன்னொன்று, வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று சொல்பவர் ஏமாற்றுக்காரர்.

பதிவு முடிந்ததும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஜெர்மனியில் வீட்டுக் கதவு எண்ணைப் பார்த்துத் தபால் போட மாட்டார்கள், பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். நான் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். கடிதங்கள் அப்பா பெயருக்கு வந்து, அப்படி யாரும் இல்லை என்று திரும்பிப் போயின. அதில் ஒன்று ரெசிடென்ஸ் பெர்மிட் சந்திப்புக்கான கடிதம். மறுபடி ஒரு தேதி கிடைக்க ஏழு வாரம் ஆனது. உங்கள் பெயர், அப்பா பெயர் இரண்டையும் ஒட்டுங்கள்.

சில வாரங்களில் ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். டிவியே இல்லை என்றாலும் அது மோசடி அல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான், அறைத்தோழர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஹெல்த் இன்சூரன்ஸ் எதை எடுப்பது? தனியார் இன்சூரன்ஸ் மலிவாக இருக்கிறதே?

வயது 30-க்குக் கீழே இருந்தால் அரசு முறை மாணவர் இன்சூரன்ஸையே எடுங்கள். மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ ஆகும். மலிவு என்று தனியாருக்குப் போக வேண்டுமானால் 'எனக்கு அரசு முறை வேண்டாம்' என்று விலக்கு வாங்க வேண்டும், அந்த விலக்கை அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. இரண்டாம் வருடம் உடம்புக்கு முடியாமல் போய், கட்டணத்தைக் கையிலிருந்து கட்டிவிட்டு அந்தப் பணம் திரும்பி வரக் காத்திருக்கும்போதுதான் பலருக்கு இது புரிகிறது. 30 வயதைக் கடந்தவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் கிளம்பும் முன்பே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேட்டுவிட வேண்டும்.

விசா இருக்கும்போது ரெசிடென்ஸ் பெர்மிட் எதற்கு?

நீங்கள் கொண்டு போகும் விசா உள்ளே நுழைவதற்கானது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் செல்லும், சிலருக்கு ஒரு வருடமும் தருகிறார்கள். அது முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்லினில் இதற்கு எல்ஈஏ என்று பெயர், மற்ற ஊர்களில் ஆவுஸ்லேண்டர்பெஹோர்டே. பாஸ்போர்ட், முகவரிப் பதிவுத் தாள், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சான்று, இன்சூரன்ஸ் உறுதி, பண ஆதாரம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கேட்பார்கள். முதல் அட்டைக்கு 100 யூரோ. 2025 மே முதல் காகிதப் புகைப்படம் செல்லாது. அலுவலகத்தில் உள்ள கருவியிலோ அங்கீகாரம் பெற்ற ஸ்டுடியோவிலோ டிஜிட்டலாக எடுக்க வேண்டும், ஊரிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் படம் கட்டாகக் கொண்டு போக வேண்டாம். கடன் அட்டை அளவுள்ள அந்த அட்டை அச்சாகி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு தடவைக்குப் பொதுவாக இரண்டு வருடம் தருவார்கள்.

சந்திப்புத் தேதியே கிடைக்கவில்லை, விசா முடியப் போகிறது. நான் சட்டவிரோதமாகிவிடுவேனா?

மாட்டீர்கள், விசா முடியும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால். பயப்பட வேண்டாம். தேதி கிடைக்காதது உங்கள் தவறு அல்ல, பெரிய ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காலாவதிக்கு முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு தொடர்வதாகச் சட்டம் சொல்கிறது. இணையத்தில் விண்ணப்பித்ததும் வரும் உறுதியைச் சேமித்து வையுங்கள். இடைக்காலத்துக்கு 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்று ஒரு தாள் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். ஜெர்மன் ரெசிடென்ஸ் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவுக்கான கட்டத்தில் குறி இருந்தால்தான் வெளிநாடு போய்த் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் போனால் திரும்ப முடியாது. பொங்கலுக்கு ஊர் போக டிக்கெட் எடுக்கும் முன் அந்தக் குறியைப் பாருங்கள்.

பகுதிநேர வேலை எவ்வளவு செய்யலாம்?

2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அதற்கு முன் 120, 240 என்று இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரிடம் உதவியாளராக இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. பாடத்திட்டத்தில் கட்டாயமான இன்டர்ன்ஷிப்பும் வராது. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. அதற்குக் குறைத்து, கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் சரி. பிடிபட்டால் அபராதத்தோடு முடியாமல் பெர்மிட்டையே இழக்க நேரிடலாம். ஃப்ரீலான்ஸ், சொந்தத் தொழில் ஆகியவற்றுக்கும் தனி அனுமதி வேண்டும். யூடியூப் வருமானமும் இதில் சேரும் என்று பலருக்குத் தெரிவதில்லை.

பிளாக்டு அக்கவுன்ட் பணம் முதல் வருடத்துக்குத்தான். அதற்கு மேல் பெர்மிட் நீட்டிக்கும்போது மீண்டும் பண ஆதாரம் கேட்பார்கள். அப்போது வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் உதவும். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரு செமஸ்டர் ஊரில் இருந்துவிட்டு வரலாமா?

தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் பெர்மிட் தானாகவே செல்லாமல் போகும். குடும்பத்தில் நோய், மரணம் என்று நீண்ட நாள் தங்க வேண்டியிருந்தால், போகும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்குங்கள்.

படிப்பு முடிந்ததும் கிளம்பிவிட வேண்டுமா?

இல்லை. படிப்புக்கேற்ற வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்தக் காலத்தில் எந்த வேலையும், எத்தனை மணி நேரமும் செய்யலாம். ஆனால் இதுவும் தானாக வராது, மாணவர் பெர்மிட் முடியும் முன் விண்ணப்பிக்க வேண்டும். வேலை கிடைத்ததும் ப்ளூ கார்டுக்கு, அதாவது பட்டம் பெற்று வேலை செய்பவர்களுக்கான ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்குப் போகலாம். 2026-இல் அதற்கான ஆண்டுச் சம்பள வரம்பு 50,700 யூரோ. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்கும் 45,934.20 யூரோ போதும்.

அம்மா அப்பாவைப் பட்டமளிப்புக்குக் கூப்பிட முடியுமா?

முடியும். அவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா, ஆளுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத பயண இன்சூரன்ஸ் வேண்டும். மகனோ மகளோ செலவை ஏற்பதாக ஜெர்மன் அலுவலகத்தில் உறுதி கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் மாணவரின் வருமானத்தை அதற்குப் போதுமானதாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் அப்பாவின் வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாள், ஊரில் இருக்கும் வீடு அல்லது நிலத்தின் பத்திர நகல் ஆகியவற்றை வைத்து அவர்கள் பெயரிலேயே விண்ணப்பிப்பது நல்லது. பட்டமளிப்பு அழைப்பு, உங்கள் பெர்மிட்டின் நகல், நீங்கள் எழுதிய அழைப்புக் கடிதம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். கடிதத்தில் அவர்கள் தங்கப் போகும் முகவரியை எழுதும்போது, தபால் பெட்டியில் இருக்கும் அதே பெயரை எழுதுங்கள்.